ஒரே ஆளிடம் இரண்டு மந்திரம்: அவரை எப்படி அழைப்பது?

என்னிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் கதையில் வரும் சொல். வலப்பக்கம், நாங்கள் தமிழில் பேசும்போது அதற்கு என்ன சொல்கிறோம் என்பது. நாங்கள் என்றால் ஆறு பேர். ஃபேன்டஸி கதைகளைச் சேர்ந்து வாசிப்போம், பார்ப்போம், விளையாடுவோம். என் அக்கா மகளுக்கு 14 வயதாக இருந்தபோது ஒருநாள் சொன்னாள்: "சித்தி, கதை எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். நாம் சண்டை போடுவது தமிழில்தானே? அப்போது பெயரும் தமிழில் இருக்கட்டுமே." அன்றைக்குத் தொடங்கியது அந்த நோட்டு.

ஒரே ஒரு சக்தி உள்ள பாத்திரத்துக்குப் பெயர் வைப்பது பெரிய வேலை இல்லை. அந்தப் பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன. அடித்து, திருத்தி, மேலே சீட்டு ஒட்டி, மறுபடி அடித்த பக்கங்கள் எல்லாம் இரண்டு சக்தி, மூன்று சக்தி உள்ளவர்களுடையவை. அந்தப் பக்கங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் நண்பர்களோடு நீங்களும் இப்படி ஒரு நோட்டு தொடங்கினால் பயன்படும்.

சக்திகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

பெயரை யோசிப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் எழுதித்தான் தப்பு செய்தேன்.

லாவாவை எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2014 வரை வெளிவந்த நருட்டோ என்ற மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) தீ, காற்று, மின்னல், மண், நீர் என்று ஐந்து அடிப்படை இயல்புகள். இரண்டை ஒரே சமயத்தில் கலக்கத் தெரிந்தவருக்கு ஆறாவதாக ஒன்று கிடைக்கும். மண்ணும் நீரும் கலந்தால் மரம். நீரும் காற்றும் கலந்தால் பனிக்கட்டி. மண்ணும் தீயும் கலந்தால் லாவா. ஆக, அந்தக் கதையில் லாவா ஒரு கலவை. இப்போது அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் என்ற அனிமேஷன் தொடரின் உலகத்துக்கு வாருங்கள். அங்கேயும் லாவாவை ஆள்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எர்த்பெண்டர்கள், மண்ணை ஆள்பவர்கள், அவ்வளவுதான். உருகிய பாறையும் பாறைதான் என்பது அந்த உலகத்தின் கணக்கு. தீ அவர்களுக்குக் கட்டுப்படாது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பூதத்தை ஆள்வது அவதார் என்று அழைக்கப்படும் ஒருவருக்கே உரியது.

நான் இரண்டு கதைக்காரர்களுக்கும் சேர்த்து "மண்தீயர்" என்று ஒரே சொல்லை எழுதி வைத்தேன். மூன்று வாரம் எல்லோரும் அதையே சொன்னோம். அப்புறம் அக்கா மகள் கேட்டாள்: "மண்தீயர் என்றால் இவர் தீயையும் தனியாக ஆளவேண்டும் இல்லையா? ஏன் ஒருமுறைகூட ஆளவில்லை?" கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் லாவாவை வைத்துப் பெயர் வைத்ததுதான் பிழை. அது எப்படி உண்டாகிறது என்பதை நான் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நம்முடைய இலக்கணம் ரொம்ப உதவியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தொகைநிலைத் தொடர்கள் படித்திருப்போம். "இரவுபகல்" என்றால் இரவும் பகலும். இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன, அது உம்மைத்தொகை. "பொற்றொடி வந்தாள்" என்றால் பொன்னும் வரவில்லை, தொடியும் வரவில்லை. அதை அணிந்த பெண் வந்தாள். சொல்லில் இல்லாத மூன்றாவது ஒன்றைக் குறிப்பது அன்மொழித்தொகை. கலப்பு சக்திக்காரர்களையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றிய நாளிலிருந்து எங்கள் சண்டை பாதியாகக் குறைந்தது.

உம்மைத்தொகை வகைக்கு நல்ல உதாரணம் மை ஹீரோ அகாடமியா மங்காவில் வரும் டோடோரோக்கி. அந்தக் கதையில் யாரும் மந்திரம் என்ற சொல்லைச் சொல்வதில்லை என்றாலும் சேர்க்கை இதே சேர்க்கைதான். வலப்பக்கம் பனி, இடப்பக்கம் நெருப்பு. ஒன்றின் மிகுதியை மற்றொன்று சரிசெய்யும். ஆனாலும் இரண்டும் இரண்டாகவே இருக்கின்றன. இவரை "பனித்தீயர்" என்று எழுதியிருக்கிறேன். பனியும் தீயும் என்று விரித்தால் பொருள் சரியாக வருகிறது. நருட்டோவின் மரக்கலை அப்படி விரியாது. "மண்ணும் நீரும் உடையவர்" என்றால் கேட்பவருக்கு மரம் தெரியாது. அங்கே விளைவின் பெயரைத்தான் வைக்கவேண்டும்: மரத்தர். எதிலிருந்து வந்தது என்பதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சக்தி இன்னொன்றுக்குத் தீனி போடுவது. பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் வரிசை (முதல் நாவல் 2006) இதற்கென்றே எழுதியதுபோல இருக்கும். அங்கே உலோகத்தை விழுங்கி, அதை உடம்புக்குள் எரித்துச் சக்தி பெறுவது ஒரு கலை, அல்லோமன்ஸி. தன்னிடம் இருப்பதையே, அதாவது எடை, ஆரோக்கியம், வேகம் என்று ஏதாவது ஒன்றை, ஓர் உலோகத்துக்குள் சேமித்து வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது இன்னொரு கலை, ஃபெருகெமி. ஃபெருகெமியில் வரவும் செலவும் சமம். ஒரு வாரம் நோயாளியாகக் கிடந்து சேமித்தால்தான் பிறகு அந்த அளவு ஆரோக்கியம் கைக்கு வரும். ஆனால் ஒரே உலோகத்தில் இரண்டு கலையும் வாய்த்த ஒருவர், தான் சேமித்து வைத்த உலோகத்தையே எரித்தால், போட்டது பல மடங்காகத் திரும்பி வருகிறது. கதை இதை காம்பவுண்டிங் என்கிறது. 2011-இல் வந்த தி அல்லாய் ஆஃப் லா நாவலில் மைல்ஸ் என்ற பாத்திரத்துக்குத் தங்கத்தில் இது உண்டு. சுட்டாலும் காயம் அப்படியே ஆறிவிடும்.

இவரை "ஈராற்றல் உடையவர்" என்று மட்டும் சொன்னால் கதையின் உயிரே போய்விடும். இரண்டு இருப்பது பெரிதில்லை. ஒன்று மற்றொன்றை வளர்ப்பதுதான் பெரிது. நாங்கள் வைத்த பெயர் தன்னூட்டி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு வகை உண்டு, சுருக்கமாகவே சொல்லலாம். பலர் சேர்ந்து ஒரே சக்தியாவது கூட்டு. 1990-இல் தொடங்கிய வீல் ஆஃப் டைம் நாவல் வரிசையில் பெண்கள் மட்டும் சேர்ந்தால் 13 பேர்வரை இணையலாம். ஆண்களும் சேர்ந்தால் 72 பேர்வரை. ஒருவர்தான் அதை நடத்துவார். அந்த ஒருவரைக் கலப்பு சக்திக்காரர் என்று எழுதக்கூடாது. அவர் கூட்டின் தலைவர். அடுத்தது பிறருடையதை வாங்குவது. எக்ஸ்-மென் கதைகளில் 1981-இல் அறிமுகமான ரோக் தொட்டவரின் சக்தியை எடுத்துக்கொள்வாள். அதை இரவல் என்றே எழுதினோம். மிஸ்ட்பார்ன் உலகத்தில் உலோக ஆணியை ஒருவர் உடலில் அடித்து அவர் சக்தியைப் பறித்து இன்னொருவருக்குள் செலுத்தும் ஹீமலர்ஜி இருக்கிறது. அதையும் இரவல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பறிப்பு என்றே இருக்கிறது. இரவல் வாங்கியவரையும் பறித்தவரையும் ஒரே பெயரில் அழைத்தால் பறிகொடுத்தவருக்குக் கதையில் இடமே இல்லாமல் போகிறது.

வரிசை முக்கியமா என்று எண்ணிப் பாருங்கள்

எத்தனை பெயர் தேவைப்படும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது. இதற்குக் கட்டம் போட்ட ஒரு தாள் போதும்.

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டம் 1993-இல் வந்தது. மந்திரம் அதில் ஐந்து நிறம்: வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 ஜோடி. வெள்ளை-நீலமும் நீலம்-வெள்ளையும் ஒன்றேதான், அதனால் 10. போக்கிமானில் 18 வகை. இரட்டை வகைகள் 153 வரை சாத்தியம். அங்கேயும் எது முன்னால் எழுதியிருக்கிறது என்பது சண்டையில் எதையும் மாற்றாது.

மிஸ்ட்பார்ன் அப்படி இல்லை. அல்லோமன்ஸியில் ஓர் உலோகமும் ஃபெருகெமியில் ஓர் உலோகமும் உள்ளவரை ட்வின்பார்ன் என்கிறார்கள். அடிப்படை உலோகங்கள் 16. எஃகை எரித்து இரும்பில் சேமிப்பவர் வேறு, இரும்பை எரித்து எஃகில் சேமிப்பவர் வேறு. முதலாமவர் உலோகத்தைத் தள்ளுவார், தன் எடையைக் கூட்டிக் குறைப்பார். நாயகன் வாக்ஸ் அந்த வகை. இரண்டாமவர் உலோகத்தை இழுப்பார், வேகத்தைச் சேமிப்பார். ஆகவே 16-ஐ 16-ஆல் பெருக்கி 256 வகை. அதில் 16 மட்டும் இரண்டு பக்கமும் ஒரே உலோகம். தன்னூட்டிகள் அந்த 16-க்குள்தான் வருவார்கள்.

256 கட்டம் போட்டு எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க ஒரு விடுமுறையில் உட்கார்ந்தோம். 40-ஐத் தாண்டவில்லை. கதையில் வராத ஆளுக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, சொல்லாத பெயர் மறந்துபோகிறது. இப்போது பாத்திரம் வந்த பிறகுதான் கட்டத்தை நிரப்புகிறேன்.

வரிசை முக்கியமான கதை என்றால் தமிழ் தானாகவே கைகொடுக்கும். நம் தொடர்களில் பெரும்பாலும் கடைசிச் சொல்லுக்குத்தான் எடை. "தீவாள்" ஒரு வாள். "வாள்தீ" ஒரு தீ. எந்தச் சக்தி அந்த ஆளுக்கு அடிப்படையோ அதைக் கடைசியில் வையுங்கள். சண்டைக்காரர் கொஞ்சம் மந்திரம் கற்றிருந்தால் "மந்திர மறவர்". மந்திரவாதி கொஞ்சம் வாள் பழகியிருந்தால் "வாள் மந்திரர்". இரண்டும் வேறு ஆட்கள் என்று விளக்காமலே புரிந்துவிடுகிறது.

சொல்லைக் கட்டும் இடம்

அதிக நேரம் போனது இங்கேதான், பொறுமையாகவே சொல்கிறேன்.

மற்ற மொழி ரசிகர்கள் இரண்டு பெயரின் துண்டுகளை ஒட்டிப் புதுச்சொல் செய்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், சார்சரரையும் (மந்திரவாதி) பலாடினையும் (புனிதப் போர்வீரர்) சேர்த்து ஆடும் பாத்திரத்தை சார்கடின் என்பார்கள். மேஜிக் ஆட்டக்காரர்கள் நிறங்களின் ஆங்கில முதலெழுத்தைக் கோப்பார்கள்: சிவப்பு, நீலம், பச்சை சேர்ந்தால் ரக் (RUG). அங்கே கருப்பு பி-யை எடுத்துக்கொண்டதால் நீலத்துக்கு யு கிடைத்தது. முதலெழுத்துகள் மோதினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.

நாங்களும் முதலெழுத்தைக் கோத்துப் பார்த்தோம். நீர், நிலம், நெருப்பு. மூன்றும் நகரத்தில் தொடங்குகின்றன. நீநி, நெநீ, நிநெ என்று எழுதிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே மடித்து வைத்தோம். பூதங்களுக்கு இந்த வழி தமிழில் வேலைக்கு ஆகாது. ஆனால் மேஜிக்கின் நிறங்களுக்கு ஆகும்; வெ, நீ, க, சி, ப என்று ஐந்தும் வேறு வேறு. பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் "பசி". அந்த ஆட்டத்தில் இந்த ஜோடி காட்டு வெறியோடு மோதுவது, நாகரிகத்தைத் தின்று தீர்ப்பது. அக்கா மகள் அதை எழுதிவிட்டுத் தாளைத் தூக்கிக் காட்டியபோது அறையே சத்தம் போட்டது. கருப்பு-சிவப்பு "கசி". அதுவும் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பூதங்களுக்கு நம்மிடம் வேறு செல்வம் இருக்கிறது. தீ, நீர், மண், வளி, வான் என்று எல்லாம் ஓரெழுத்து, இரண்டெழுத்துச் சொற்கள். துண்டு வெட்டவே வேண்டாம், முழுச்சொல்லையே அடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது, பார்த்து எடுக்கவேண்டும்.

முதல் முள் "தீ". தீவினை, தீயோர் என்று கெட்டதுக்கும் அதே எழுத்து. நெருப்பை ஆளும் நல்ல மந்திரவாதியை "தீமாயர்" என்று எழுதினேன். வாசித்த எல்லோரும் வில்லன் என்று நினைத்தார்கள். தீ சொல்லின் தொடக்கத்தில் வந்து, பின்னால் ஆளைக் குறிக்கும் சொல் வந்தால் இந்த ஆபத்து உண்டு. அங்கே கனல், அழல், எரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். கனல்மாயர் என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தீ பின்னால் வந்தால் பிரச்சினை இல்லை. பனித்தீயரை யாரும் கெட்டவர் என்று நினைத்ததில்லை.

இரண்டாவது முள், ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும் சொல். நெருப்பும் நீரும் என்று "தீநீர்" எழுதினேன். ஓமத் தீநீர் குடித்து வளர்ந்த நண்பர் ஒருவர் உடனே சொன்னார்: அது மருந்து, காய்ச்சி வடித்த நீர். சரி, அடித்தாயிற்று. ட்வின்பார்னை நேராகத் தமிழாக்கி "இரட்டைப் பிறவி" என்று எழுதினால் கூடப் பிறந்த இருவர் என்றுதான் எவருக்கும் தோன்றும். "இருபிறப்பாளர்" என்று சற்றுப் பழந்தமிழாகப் போனேன். அது பழைய நூல்களில் அந்தணருக்கு வழங்கிய பெயர். அதையும் விட்டேன். கடைசியில் நின்றது "இருகலையர்". இரண்டு உலோகம் என்பதைவிட இரண்டு வேறு கலை என்பதுதான் ட்வின்பார்னின் அடையாளம், அதனால் இந்தச் சொல் கதைக்கும் உண்மையாக இருக்கிறது. புதுச்சொல் எதையும் எழுதுவதற்கு முன்னால் ஓர் அகராதியில் தேடிவிடுங்கள். வயதில் மூத்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். என் நோட்டில் பாதித் திருத்தங்கள் அப்படிக் கேட்டதால் வந்தவை.

மூன்றாவது, புணர்ச்சி. பொதுப்பெயராக எங்களுக்கு நிலைத்தது ஈராற்றலர். இரு என்பது உயிரெழுத்துக்கு முன்னால் ஈர் ஆகும், ஈராண்டு மாதிரி. மூன்று சக்தி என்றால் மூவாற்றலர். "மூவா" என்றால் முதுமையடையாத என்றும் பொருள் உண்டு. சாகாத மந்திரவாதிகள் நிறைந்த கதைகளில் அந்த நிழல் விழுவது எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஆனால் விதியைக் கண்மூடிப் பின்பற்றக்கூடாது. மண்ணும் தீயும் நன்னூல் விதிப்படி சேர்ந்தால் "மண்டீ". வாசிப்பவர் கண்ணுக்கு மண்டி என்றுதான் படும். மண்ணும் காணோம், தீயும் காணோம். வாளும் மந்திரரும் "வாண்மந்திரர்" ஆகிவிட்டால் வாள் மறைந்துபோகும். புதுச்சொல்லில் இரண்டு சக்தியும் முதல் பார்வைக்கே தெரியவேண்டும். தெரியாது என்றால் சேர்க்காமல் இடம் விட்டு எழுதுங்கள். இலக்கணம் தெரிந்த நண்பர் முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

இன்னொன்று, மரியாதை. அர் விகுதி போட்டால் ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும், பாத்திரம் ஆணா பெண்ணா என்பது கதையில் பிறகுதான் தெரியவரும் என்றாலும் சிக்கல் இல்லை. சின்னப் பிள்ளை ஒருத்தி சக்தியோடு வரும்போது மட்டும் அர் ஒட்டமாட்டேன் என்கிறது. அங்கே "பனித்தீக்காரி" என்று பேச்சில் வந்துவிடும். வரட்டும். நோட்டில் அர், வாயில் காரி என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இரத்தம் சம்பந்தப்பட்ட சொற்கள்

சக்தி பிறப்பால் வருகிறது என்றால் ஆங்கிலக் கதைகளின் ரசிகர்கள் ஹைபிரிட் என்பார்கள். வேம்பயர் டைரீஸ் என்ற தொலைக்காட்சித் தொடரின் உலகத்தில் ஓநாய்மனிதனும் இரத்தக்காட்டேரியும் ஒன்றான கிளாஸ் ஹைபிரிட். அவன் மகள் ஹோப்பிடம் சூனியக்காரியின் சக்தியும் சேர்ந்திருப்பதால் ட்ரைபிரிட். ஹைபிரிட் என்ற சொல்லில் "ஹை" என்பதற்கு இரண்டு என்ற பொருளே கிடையாது. அது வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெட்டக்கூடாத இடத்தில் வெட்டித்தான் ட்ரைபிரிட் பிறந்தது. ஆனாலும் கேட்டவுடன் எல்லோருக்கும் புரிகிறது, நிலைத்துவிட்டது.

நாங்கள் அதற்கு முதலில் "கலப்பினம்" என்று எழுதியிருந்தோம். எழுதியது நான்தான். எங்களில் ஒருவர் அடுத்த முறை வந்தபோது, அந்தச் சொல்லைத் தான் சொல்லப்போவதில்லை என்றார். மாட்டுக்கும் விதைக்கும் சொல்வதை ஒரு ஆளுக்கு, அதுவும் நாம் நேசிக்கும் ஒரு பாத்திரத்துக்கு, எப்படிச் சொல்வது என்று கேட்டார். தன் குடும்பத்தைப் பற்றிப் பிறர் பேசிய பேச்சு அவர் மனத்தில் இருந்தது. நான் அன்றே அடித்தேன். இப்போது "இருவழியர்", "மூவழியர்" என்று இருக்கிறது: தாய்வழி, தந்தைவழி என்பதில் வரும் அதே வழி. பாதி, அரை, கலப்பு, தூய என்ற நான்கு சொற்களையும் பிறப்போடு சேர்த்து எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறோம். கதைக்குள் ஒரு வில்லன் அப்படிப் பேசினால் அது அவன் வாயில் இருக்கட்டும். நாம் வைக்கும் பெயரில் அது ஏறக்கூடாது.

நருட்டோவில் வரும் கெக்கேய் கென்காய்க்கும் இங்கேதான் இடம். இரத்தவழியில் மட்டுமே வரும் திறன் என்பது அதன் பொருள். இரண்டு இயல்பைக் கலப்பது அதில் ஒரு பகுதிதான். எதையும் கலக்காத ஷாரிங்கன் கண்ணும் அதற்குள்ளேயே வருகிறது. கலப்பு சக்திக்கு இன்னொரு பெயர் என்று நினைத்து அதைப் பயன்படுத்தினால் தவறாகிவிடும். மூன்று இயல்பைக் கலப்பதற்கு அங்கே தனிப்பெயர் உண்டு: கெக்கேய் தோத்தா.

யார் வைத்த பெயர்?

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். கதைக்குள் இருப்பவர்களே சொல்லும் சொல்லுக்கு நான் ஒரு வட்டம் போடுவேன். ரசிகர்கள் உண்டாக்கியதற்கு ஒரு புள்ளி. ட்வின்பார்னுக்கு வட்டம். சார்கடினுக்குப் புள்ளி. இந்தக் குறி இல்லாமல், ஒரு பாத்திரம் சொல்லவே முடியாத சொல்லை அதன் வாயில் வைத்து ரசிகர்கதை எழுதிவிட்ட அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.

சில சொற்கள் வட்டத்திலிருந்து புள்ளிக்கு இடம் மாறும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கித்யாங்கி என்று ஓர் இனம். 1981-இல் வந்த ஃபீண்ட் ஃபோலியோ நூலில், அந்த இனத்தில் வாளும் மந்திரமும் சேர்ந்து பயின்றவருக்கு கிஷ் என்று பெயர் இருந்தது. இன்றைக்கு அந்த இனத்தோடு சம்பந்தமே இல்லாத எந்தப் பாத்திரமானாலும் வாளும் மந்திரமும் சேர்ந்தால் ஆட்டக்காரர்கள் கிஷ் என்றே சொல்கிறார்கள். மேஜிக்கிலும் இதுதான் நடந்தது. 2005-இல் வந்த ராவ்னிகா என்ற நகரத்தின் பத்து சங்கங்களுக்கும் ஆளுக்கு இரண்டு நிறம். வெள்ளை-நீலம் அஸோரியஸ், நீலம்-சிவப்பு இஸ்ஸட், பச்சை-சிவப்பு க்ரூல். அந்த நகரமே வராத சீட்டுகளுக்கும் நிறத்தை வைத்து அதே பெயர்களைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மூன்று நிறங்களுக்கு 2008-இல் அலாரா என்ற உலகத்திலிருந்து ஐந்து பெயரும், 2014-இல் தர்கீர் என்ற உலகத்திலிருந்து ஐந்து பெயரும் கிடைத்தன.

ஏன் இவை நிலைத்தன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வெள்ளை-நீலம் என்றால் இரண்டு நிறம், அவ்வளவுதான். அஸோரியஸ் என்றால் சட்டம் இயற்றும் ஒரு கூட்டம், அதன் நிதானம், அதன் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து கண்ணுக்கு முன்னால் வருகிறது. சேர்க்கைக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. அதனால் கதையே நல்ல முகம் கொடுத்திருந்தால் நான் மொழிபெயர்ப்பதில்லை. அஸோரியஸ் அஸோரியஸாகவே என் நோட்டில் இருக்கிறது, மிஸ்ட்பார்னும் அப்படியே. முகம் இல்லாத பொதுச்சொற்களைத்தான் தமிழில் கட்டுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. பெயரே கதையின் முடிச்சை அவிழ்த்துவிடலாம். ஒருவருக்கு இரண்டாவது சக்தி இருப்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும் என்றால், அவர் பெயருக்கு எதிரே ஈராற்றலர் என்று எழுதிய நோட்டை மேசைமேல் திறந்து வைக்காதீர்கள். எங்கள் நோட்டில் அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னட்டையிலிருந்து தலைகீழாக எழுதி வருகிறேன். வாசித்து முடித்தவர்கள் மட்டும் நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

பென்சிலும் பேனாவும்

புதுப்பெயரை நான் பென்சிலில்தான் எழுதுவேன். பெயர் வைத்தவரே அதை எத்தனை முறை சொன்னாலும் கணக்கில்லை. வேறு ஒருவர், யாரும் நினைவூட்டாமல், வாக்குவாதத்தின் நடுவே தானாக அதைச் சொல்லவேண்டும். அன்றைக்குத்தான் பேனா.

தன்னூட்டி பென்சிலில் எட்டு மாதம் கிடந்தது. அது நான் வைத்த பெயர், எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது, அதனால் வாயைத் திறக்காமல் இருந்தேன். அக்கா மகள் இப்போது தாவரவியல் படிக்கிறாள். தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர்களுக்குப் பாடப்புத்தகத்தில் தன்னூட்ட உயிரி என்று இருப்பதைப் பார்த்தாளாம். அதுவும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மாலை நாங்கள் வேறொரு கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தன் நிழலைத் தானே விழுங்கி வளரும் ஒரு மந்திரவாதி வருகிறான். அவனைத் தோற்கடிக்கவே முடியாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இவள் சட்டென்று திரும்பி, "ஏன் முடியாது? அவன் ஒரு தன்னூட்டி. முதல் கவளத்தைத் தடுத்துவிட்டால் போதும், பட்டினியில் விழுந்துவிடுவான்" என்றாள். யாரும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை. அவன் முதல் கவளத்தை எப்படித் தடுப்பது என்றுதான் பேச்சு போனது. நான் எழுந்துபோய்ப் பேனாவை எடுத்து வந்தேன்.